இரண்டு தரம் கூப்பிட்டவர்

1

போன மாதம் எங்கள் வீட்டில் தங்க வந்த பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். பக்கத்துக்கு அடையாளமாக உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. மெல்லிய ரோஸ் காகிதம், தமிழ் எழுத்து. அதை என் பக்கம் தள்ளி, "ஆலங்காயம்" என்றாள். இழுத்து இழுத்துச் சொன்னாலும் ஊர் புரிந்தது.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பஸ்ஸின் டிக்கெட் அது. அந்த பஸ்ஸில் நான் கடைசியாக ஏறிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கையில் பருப்புச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என் மகள் சுமதி, "மா, சட்டிய வெச்சுட்டு ஒக்காரு" என்றாள்.

அன்று அந்த மேசையில் நடந்ததை ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும். எங்கள் மலையில் வளர்ந்தவர்களுக்கு முழுவதும் புரியும். புரிந்தபிறகு என்னை என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம். நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது.

2

என் பெயர் வள்ளியம்மா. அப்பா ஜமுனாமரத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நாங்கள் கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து மலையேறிப் போனவர்கள். மலைக்காரர்கள் கொண்டுவரும் புளியையும் சாமையையும் அப்பா வாங்கி லாரியில் கீழே அனுப்புவார். உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் விற்பார்.

என்னைக் கட்டியவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் அந்த நாட்டுக் குடியுரிமை அவருக்கு இருந்தது. பொண்ணை பிரான்சுக்குக் கொடுக்கிறேன் என்று அப்பா கடையில் எல்லோரிடமும் சொன்னார். சாமை மூட்டை கொண்டுவந்த ஒருவர், "பிரான்சுன்னா இன்னா கடக்காரே, வேலூருக்கு அந்தாண்டயா இந்தாண்டயா?" என்று கேட்டார். "அந்தாண்டதான்" என்றார் அப்பா. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வந்து சேர்ந்தது பிரான்சு இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தமான ரெயூனியன் என்ற தீவு. மொரீஷியசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரையோரம் முழுவதும் கரும்பு. நடுவில் செங்குத்தான மலைகள். அந்த மலைகளுக்குள் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதில் சிலாவோஸ் என்று ஒரு சிற்றூர். கீழிருந்து அங்கே ஏறும் சாலையில் நூற்றுக்கணக்கான வளைவுகள். அவருக்கு அந்தச் சாலையைப் பராமரிக்கும் வேலை. மழையில் பாறை சரிந்தால் போய் அகற்ற வேண்டும். நான் முதல்முறை அந்த வளைவுகளில் ஏறியபோது வாந்தி எடுத்துக்கொண்டே, "மறுபடி மலையா" என்று கேட்டேன். "உனக்குப் பழக்கம்தானே" என்றார்.

பழக்கமான மலையாக அது இல்லை. ஊரில் எங்கள் மலையில் ஓடைக்குள் ஒளிந்து சாராயம் காய்ச்சுவார்கள். போலீஸ் வந்து பானையை உடைத்துவிட்டுப் போகும். இங்கே வீட்டுக்கு வீடு திராட்சைப் பந்தல். பழத்தை நசுக்கிப் பீப்பாயில் ஊற்றி, ஒயின் ஆனதும் பாட்டிலில் அடைத்து, மாதா படத்துக்குக் கீழே வரிசையாக வைத்து விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு பந்தல் இருந்தது. அவர் செய்தார், பிறகு நானும் செய்தேன். இதை அப்பாவுக்கு நான் எழுதவே இல்லை.

மலையைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்பதும் எனக்குப் புதிது. எங்கள் மலைக்குப் புளி வாங்க வருவார்கள், சந்தனக் கட்டைக்கு வருவார்கள், சும்மா நடந்து பார்க்க ஒருவரும் வந்து நான் கண்டதில்லை. இங்கே பிரான்சிலிருந்து விமானம் ஏறி, முதுகில் பையை மாட்டிக்கொண்டு, தனியாகவும் இரண்டு பேராகவும் வருகிறார்கள். கூட்டமாக வண்டியில் வருபவர்கள் படம் பிடித்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுவார்கள். தனியாக வருபவர்கள் தங்குவார்கள், காலையில் நடக்கப் போவார்கள், மாலையில் சேறோடு திரும்பி ஒயின் குடித்து, பருப்பும் சோறும் சாப்பிட்டுத் தூங்குவார்கள். சுமதிக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் வீட்டுக்காரர் பாறை சரிவில் போய்விட்டார். அதற்குப் பிறகு முன்னறை இரண்டையும் நடப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டேன். அதுதான் எங்கள் பிழைப்பு.

இங்கே என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. காகிதத்தில் அவர் பெயரை எனக்குக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் நான் மதாம் ராமு. சுமதிக்கு நான் வெறும் 'மா'. சுமதியே பள்ளிக்கூடத்தில் சுமதி இல்லை, சில்வி. ஏன் என்று கேட்டால், "அவங்களுக்கு சொல்ல வராது மா" என்பாள்.

3

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மலைக்காரர்களிடமிருந்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. காட்டிலோ பனிமூட்டத்திலோ யாராவது கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது குரலுக்குத்தான் பதில்.

கடைக்குப் புளி கொண்டுவரும் ஓர் அம்மாள் எனக்கு இதை விளக்கினாள். "அதுங்களால ரெண்டு தரம்தாம்மா கூப்புட முடியும். நம்ம பேர தெரிஞ்சி வெச்சினுதான் கூப்புடும். மூணாவது தரம் மன்ஷனாலதான் முடியும்." அதுங்கள் என்றால் எதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கூப்பிடுகிறவர்களுக்கும் இது தெரியும் என்பதால் எல்லோரும் மூன்று தரம் கூப்பிட்டே பழகியிருந்தார்கள். பட்டப்பகலில் கடை வாசலில் நின்றுகூட, "கடக்காரே, கடக்காரே, கடக்காரே" என்பார்கள். அப்பா எரிச்சலோடு, "எதுருலதான ஒக்காந்துகினு கீறேன், இது இன்னா காடா?" என்பார். "உன் மூஞ்சப் பாத்தா சந்தேகமா கீது கடக்காரே" என்று ஒருமுறை ஒருவர் சொல்ல, கடையே சிரித்தது.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எனக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டார். தோட்டத்தில் இருக்கும்போது கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்புவேனாம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் முதல் குரலுக்கே பதில் சொல்லப் பழகினேன். வெளியே, மூட்டத்தில், அந்தப் பழக்கம் வரவில்லை. வராததற்குக் காரணம் என் சித்தப்பா.

எனக்குப் பன்னிரண்டு வயதில், சித்தப்பா புளி விலை பேசப் பீமன் அருவிக்கு மேலே இருக்கும் ஓர் ஊருக்குப் போனார். கூட மலைக்காரர்கள் இரண்டு பேர். திரும்பி வரும்போது மூட்டம் இறங்கிவிட்டது. சரிவுப் பக்கமிருந்து ஒரு குரல் சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாம். அவர் படித்தவர், இதையெல்லாம் நம்பாதவர். "யாரு?" என்று கேட்டுக்கொண்டே குரல் வந்த பக்கம் நடந்தார். கூட வந்தவர்கள் "போகாதீங்க, போகாதீங்க" என்றார்களாம். பாறைக்குக் கீழே இரண்டாம் நாள்தான் கிடைத்தார்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு, முதல் குரலுக்கே பதில் கொடுத்துவிட்டார் என்று. அப்பாவும் அதையே சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். அந்தக் குரல் யாருடையது என்று மட்டும் அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. கீழே எங்கேயோ காலை உடைத்துக்கொண்டு கிடந்த ஒருவர், சித்தப்பாவின் பேச்சுச் சத்தம் கேட்டு அடையாளம் கண்டு கூப்பிட்டிருக்கலாம். அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்று யாரும் தேடவில்லை. இதை நினைக்க எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

4

எலென் என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். ஐம்பத்தெட்டு வயது. பிரான்சில் திராட்சை விளையும் ஒரு சின்ன ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருடமும் ஒரு தீவுக்கோ மலைநாட்டுக்கோ தனியாகப் போவாராம். போன ஊர்களின் பெயரை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கோர்சிகா, மதேரா, கிரேக்க நாட்டுப் பக்கம் இரண்டு தீவுகள். எங்கேயும் விடுதி முன்பதிவு கிடையாது, வழிகாட்டி கிடையாது. எந்த வீட்டில் புகை தெரிகிறதோ அங்கே போய்க் கேட்பேன் என்றார். ஒல்லியான கால்கள். பையில் காய்ந்த அத்திப்பழம் எப்போதும் இருக்கும்.

பத்து நாள் தங்கினார். மாலையில் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் யாரும் அங்கே வந்ததில்லை. எனக்குப் பிரெஞ்சு கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு மட்டும்தான் வரும். பதினோரு வயதுச் சுமதி நடுவில் உட்கார்ந்து இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்வாள்.

முதல் நாளே என் பெயர் கேட்டார். மதாம் ராமு என்றேன். அது உங்கள் கணவர் பெயர், உங்கள் பெயர் என்ன என்றார். சொன்னேன். அவர் வாயில் அது வாலியமா, வல்லியாமா என்று என்னென்னவோ ஆனது. சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "வுட்ருங்கன்னு சொல்லு, மதாம் ராமுவே போதும்" என்றேன். அவர் விடவில்லை. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று என் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்து, "வள்ளியம்மா" என்றார். அந்த ள சுமதிக்கே அவ்வளவு சரியாக வராது. என் வீட்டுக்காரர் போனபிறகு அந்தப் பெயரை நான் யார் வாயிலும் கேட்டிருக்கவில்லை.

உங்கள் ஊரிலும் மலை உண்டா, அங்கே நடக்கலாமா என்று கேட்டார். நடக்கலாம், ஆனால் யாரும் சும்மா நடப்பதில்லை என்றேன். அப்படியென்றால் அடுத்த ஊர் அதுதான் என்று நோட்டைப் பிரித்து என் கையில் பேனாவைக் கொடுத்தார். வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் போய், அங்கே மலை பஸ் ஏற வேண்டும் என்று ஒரு கோடு போட்டேன். எங்கள் கடை, சந்தை, ஏரி, பீமன் அருவிக்குப் போகும் வழி எல்லாம் வரைந்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே படம் அதுதான். எழுதி வைத்தேன், வரைந்து வைத்தேன், ஆனால் மூட்டத்தில் மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய ஒரு விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை.

5

பத்தாம் நாள் காலை அவர் மேல்வழியாக நடக்கப் போனார். மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கியது. இங்கே அது தினமும் நடப்பதுதான்.

நான் வீட்டுக்குப் பின்னால் சௌசௌ பறித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காய்க்கு இங்கேயும் சௌசௌ என்றுதான் பெயர். பந்தலுக்கு அப்பால் நிலம் சரிந்து ஓடைக்குள் இறங்கும். கீழே ஆள் நடமாட்டம் கிடையாது. கூடை பாதி நிறைந்திருக்கும்போது ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"வள்ளியம்மா."

சன்னமான குரல். ள சரியாக இருந்தது. எலென் மேல்வழியில் போயிருக்கிறார், இது கீழே இருந்து வருகிறது. இந்தத் தீவில் என் பெயர் யாருக்குத் தெரியும்? சித்தப்பாவைக் கட்டிலில் தூக்கி வந்ததுதான் கண் முன்னால் வந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வள்ளியம்மா."

இரண்டு ஆயிற்று. மூன்றாவதற்குக் காத்திருந்தேன். நான் மனதறிந்து சொல்கிறேன், மூன்றாவது தரம் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். கேட்கவில்லை. பந்தல் இலையில் தண்ணீர் சொட்டும் சத்தம்தான் இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பின்கதவைத் தாழ் போட்டேன். சாமி விளக்கை ஏற்றினேன். சுமதி பள்ளியிலிருந்து வந்து, "ஏம்மா பின்னாடி தாப்பா போட்டுகீற?" என்று கேட்டாள். குளிர் என்றேன்.

இருட்டும்வரை எலென் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆட்கள் விளக்கோடு வந்தார்கள். எந்த வழியாகப் போனார் என்று கேட்டார்கள். மேல்வழி என்று கையைக் காட்டினேன். அது உண்மைதான். ஆனால் அதற்குள் எனக்கு உள்ளே ஏதோ தெரிந்துவிட்டது. ஓடைப் பக்கம் ஒரு குரல் கேட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. கேட்டபோது ஏன் போகவில்லை என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது, பதினோரு வயதுப் பெண் அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வாள்? ஒருவேளை அது அவராக இல்லாமலும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் மேல்வழியிலேயே தேடினார்கள்.

மறுநாள் மதியம் எங்கள் சௌசௌ பந்தலுக்கு நேர் கீழே, ஓடைக்குள் கிடைத்தார். மூட்டத்தில் வழி மாறி ஓடையோடு இறங்கி வந்திருக்கிறார். எங்கள் வீட்டுப் புகை வாசனை எட்டியிருக்கும் என்றார்கள். தொடை எலும்பு உடைந்திருந்தது. விடியும் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சுமதிதான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

போலீஸ்காரர் இரண்டு முறை வந்தார். முதல் முறை என் பிறந்த நாளும் அப்பா பெயரும் கேட்டு எழுதவே ஒரு மணி நேரம் ஆயிற்று. என் அடையாள அட்டையில் ஒரு தேதி, வீட்டுக்காரரின் காகிதத்தில் ஒரு தேதி. எது சரி என்றார். எனக்கு இரண்டும் தெரியாது. இரண்டாம் முறை வந்தபோதுதான் அன்றைக்கு நடந்ததைக் கேட்டார். சுமதி என்னைப் பார்த்து, "எதுனா சத்தம் கேட்டுச்சா மா?" என்றாள்.

"கேக்கலன்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். அவர் எழுதினார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

6

இந்த வருடம் ஒரு கடிதம் வந்தது. எலெனின் மகள் க்ளேர். அம்மா தங்கிய அறையில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். சுமதிக்கு இப்போது பதினெட்டு வயது. நர்ஸ் படிப்புக்குப் பிரான்சுக்குப் போக மனுப் போட்டிருக்கிறாள். கடிதத்தைப் படித்துவிட்டு, "எடம் இல்லன்னு எழுதிடட்டுமா?" என்றாள்.

"வரட்டும்" என்றேன்.

வந்தவள் அம்மாவைப் போலவே ஒல்லி, நாற்பது வயது இருக்கும். அம்மாவின் நோட்டில் இருந்த ஊர்களுக்கெல்லாம் வருடத்துக்கு ஒன்றாகத் தனியாகப் போய் வந்திருக்கிறாள். இந்தத் தீவைக் கடைசியில் வைத்துக்கொண்டாளாம், தைரியம் வரவில்லை என்றாள். அம்மா போக நினைத்துப் போகாமல் விட்ட ஊர் ஒன்றுதான், அதற்குத் தை மாத வாக்கில் போனேன் என்று சொல்லித்தான் அந்த பஸ் டிக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். நான் வரைந்த படத்தை வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை இருக்கிறதாம். ஏரியை நான் தப்பான பக்கம் வரைந்திருந்தேனாம்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். பஸ்ஸில் எல்லோரும் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். காளியப்பன் என்ற மலைக்காரர் அருவிக்கு வழி காட்ட வந்தார். சாமைச் சோறு கொடுத்தார். திரும்பும்போது மூட்டம் மூடிவிட்டது, அவர் கண்ணில் படவில்லை. "காளி" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. பயத்தில் மூன்றாம் முறை கத்தியதும், பத்தடி தூரத்திலிருந்து, "இன்னாம்மா?" என்று குரல் வந்தது. அந்த 'இன்னாம்மா'வை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள். சுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் பேசவில்லை என்று சைகையில் கேட்டாளாம். அவர் மூன்று விரலைக் காட்டினாராம். பிறகு கீழே பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இங்கிலீஷில் விளக்கியிருக்கிறார்.

சொல்லி முடித்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். சுமதி திரும்பி, "நம்ம ஊர்ல எல்லாரும் அப்பிடித்தானான்னு கேக்கறாங்க" என்றாள்.

"ஆமான்னு சொல்லு."

க்ளேர் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுத்து அவள் கேட்டது நீளமாக இருந்தது. மெதுவாகக் கேட்டாள். சுமதி எனக்கு எதுவும் சொல்லவில்லை.

"இன்னா கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்ல."

"சுமதி."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கி அவங்க அம்மா ஒன்னக் கூப்ட்டாங்களான்னு கேக்கறாங்க. இல்லன்னு சொல்லிடறேன். போலீஸ்ல அப்பிடித்தான எழுதிக் குடுத்துகீறோம்" என்றாள்.

"ரெண்டு தரம் கூப்ட்டாங்க. கேட்டுச்சு. அப்பிடியே சொல்லு."

சுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பின்கதவைப் பார்த்தாள். பிறகு க்ளேர் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னாள். அன்று காற்று அதிகம், அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொன்னாள். அந்த அளவு பிரெஞ்சு எனக்கு இந்தப் பத்தொன்பது வருடத்தில் வந்திருக்கிறது.

க்ளேர் சுமதியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர், டாக்டர், பள்ளிக்கூடத்து ஆட்கள், எவரோடும் என் மகள் வாயால்தான் பேசியிருக்கிறேன். நான் இரண்டு விரலைத் தூக்கினேன்.

"தெ ஃபுவா" என்றேன். இரண்டு தரம்.

"மா" என்றாள் சுமதி.

க்ளேர் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டாள். அதற்கு எனக்கு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் பெயர் என்றேன். எப்படிக் கூப்பிட்டார், அதே மாதிரி சொல்லுங்கள் என்றாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்டது அவளுக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது. "வள்ளியம்மா" என்றேன், சன்னமாக, கடைசியில் கொஞ்சம் உயர்த்தி. க்ளேர் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று பந்தலில் நின்ற அளவு நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி சொன்னேன். அதோடு நிறுத்தினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். சட்டியில் பருப்பு ஆறி ஆடை கட்டியது.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. மறுநாள் காலை பந்தல் வழியாக ஓடைக்குள் தனியாக இறங்கிப் போய், வெகுநேரம் கழித்து ஏறி வந்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேசைமேல் வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு சாலைக்கு நடந்தாள். இரண்டாம் நாளுக்கு அவள் தங்கவில்லை.

அது நான் வரைந்த மலை. அதை வைத்திருக்க அவளுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன். சுமதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாததில் கோபம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மேசையைத் துடைக்கும்போது அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முழுவதும் பிரெஞ்சு எழுத்தில் ஒரே சொல் வரி வரியாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் எழுத்துகள் கொஞ்சம் மாறியிருந்தன. சிலதை அடித்துவிட்டு மேலே திருத்தியிருந்தார். எலென் என் பெயரைச் சொல்லிப் பழகிய தாள் அது.

சுமதி அடுப்படி வாசலில் நின்று கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறந்ததிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"வள்ளியம்மா."

"இன்னா?" என்றேன்.